மெரினாவில் ஒரு பாறை, கோவில்பட்டியில் ஓர் ஆணி

கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர்களுக்கு ஒப்பிட்டுப் பேசுவது பழகிப்போன விஷயம். 1923 செப்டம்பர் 16-ல் கி. ராஜநாராயணன் பிறக்கிறார். சரியாக ஒரு வாரம் கழித்து அதே ஊரில் கு. அழகிரிசாமி பிறக்கிறார். அழகிரிசாமி சென்னைக்குப் போனார், மலேயாவுக்குப் போனார், பத்திரிகை ஆபீஸ் மேஜைகளிலேயே ஆயுளைச் செலவழித்து 1970-ல் கண்ணை மூடிவிட்டார். கி.ரா. ஊரிலேயே சம்சாரியாக இருந்து, முப்பது வயதுக்கு மேல் கதையில் இறங்கி, முதுமையில் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்து, 2021-ல் மறையும் வரை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு எழுத்தாளர்களில் யார் பெரியவர் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. தீர வேண்டியதும் இல்லை. பட்டணத்துக்குப் போன கலை என்ன ஆகிறது, கரிசலில் தங்கிவிட்ட கலை என்ன ஆகிறது என்று யோசிக்க அந்த வழக்கு நமக்கு ஒரு பயிற்சி.

அதே மாதிரி ஒரு ஜோடி ஓவிய சிற்பக் கலையிலும் உண்டு. அவர்களை யாரும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒருவர் சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை நிறுத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மற்றவர் கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோ வைத்து, தென்னாட்டு வீடுகளின் சுவர்களுக்கெல்லாம் சாமி படம் எழுதிக் கொடுத்த சி. கொண்டையராஜு. ராய் சௌத்ரியின் காலம் 1899 முதல் 1975 வரை. கொண்டையராஜு 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தார். ஒரே தலைமுறை, ஏறக்குறைய ஒரே ஆயுள். இரண்டு பேருடைய வாழ்க்கையும் ஒரே கட்டடத்தின் வழியாகத்தான் போயிருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் தொடங்கி, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக நிற்கும் சென்னை ஓவியப் பள்ளி அது. கொண்டையராஜு அங்கே மாணவர். அவர் படித்து வெளியேறிப் பத்தாண்டு போல ஆனபின், 1929-ல், ராய் சௌத்ரி அங்கே தலைவராக வந்து உட்கார்ந்தார். அந்த நாற்காலிக்கு வந்த முதல் இந்தியர். ஆசிரியரும் மாணவருமாக அவர்கள் சந்தித்திருக்க வாய்ப்பில்லை.

பொது இடத்தில் கலையை நிறுத்துகிறவர் என்றால் இன்றைக்கு நம் மனசில் வருவது ராய் சௌத்ரி மாதிரி ஆள்தான். வெண்கலம், பீடம், திறப்பு விழா, மந்திரி, கல்வெட்டு. கொண்டையராஜுவை அந்த வரிசையில் யாரும் வைப்பதில்லை. காலண்டர் ஆர்ட்டிஸ்ட் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். கரிசல் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது என்பதுதான் என் வாதம். நம்முடைய ஊர்களில் சனங்களின் பொது இடம் என்பது முச்சந்தி மட்டும் கிடையாது. டீக்கடைச் சுவர், பருத்திக் கமிஷன் கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலே இருக்கும் சுவர், சலூன் கண்ணாடிக்கு மேல் ஓரம், வீட்டு நடுத்தூண். அங்கேயெல்லாம் கலையை நிறுத்தப் பீடம் கட்ட வேண்டாம். ஓர் ஆணி போதும்.

இரண்டு பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்போம். ராய் சௌத்ரி இன்று வங்கதேசத்தில் இருக்கிற ரங்பூர்ப் பகுதியில், தாஜ்ஹாட்டில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடம் கற்றார். சிற்பத்தை ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் கற்றார். மேனாட்டு முறையில் வரைய ஓர் இத்தாலியக்காரரிடமும் பாடம் கேட்டார். மல்யுத்தம் தெரியும், வேட்டைக்குப் போவார், புல்லாங்குழல் வாசிப்பார், வங்காள மொழியில் கதையும் எழுதுவார். அவருடைய சிற்பங்களில் தசைநார் திமிறிக்கொண்டு நிற்பதற்குப் பாதிக் காரணம் பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் என்றால், மீதிக் காரணம் மல்யுத்த களமாக இருக்கலாம்.

கொண்டையராஜு சென்னை மயிலாப்பூர்க்காரர், சித்த வைத்தியர் ஒருவரின் மகன். ஓவியப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சர்க்கார் உத்தியோகத்துக்கோ பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலைக்கோ போயிருக்கலாம். அவர் திருவண்ணாமலைக்குப் போனார். ரமணரின் நிழலில் சாமியாராக இருந்தார். ரமணரைப் படமாகவும் எழுதினார். பிறகு என்ன தோன்றியதோ, நாடகக் கம்பெனியில் சீன் எழுதுகிறவராகச் சேர்ந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆசிரமத்திலிருந்து நாடகக் கொட்டகைக்குப் போனது ஏதோ பெரிய சறுக்கல் போலத் தோன்றும். அந்தக் காலத்து நாடகங்களை எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. கொட்டகையிலும் அதே முருகனும் ராமனும்தான். திரையைத் தூக்கினால் கைலாசம், இறக்கினால் அந்தப்புரம்.

இந்த சீன் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பெனி ஊர் ஊராகப் போகும். கூடவே சுருட்டிய திரைகளும் வண்டியில் போகும். தர்பார் திரை, காட்டுத் திரை, தெருத் திரை, நதிக்கரைத் திரை. துணியில் பசையும் வண்ணப்பொடியும் கலந்து எழுத வேண்டும். பின்வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவனுக்கும் தூண் தூணாகத் தெரிய வேண்டும். தூண்களுக்கு நடுவே தளம் தூரத்துக்கு ஓடி மறைய வேண்டும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வண்ணம் செத்துப்போகக் கூடாது. ஓர் ஊரில் நாலு வாரம், அப்புறம் கழற்றிச் சுருட்டி அடுத்த ஊர். இன்றைய கலைக்காரர்கள் நிறுவல் கலை என்று பேர் சொல்லிச் செய்கிற காரியத்துக்கும், அதாவது ஓர் இடத்தைக் கொஞ்ச காலத்துக்கு வேறோர் இடமாக மாற்றி, சனங்களை அதற்குள் உட்கார வைத்து, முடிந்ததும் கலைத்துவிடுவதற்கும், இதற்கும் பெரிய தூரம் இல்லை. பேர்தான் அன்று இல்லை.

அவர் இருந்த கம்பெனி 1942-ல் கோவில்பட்டியில் வந்து கலைந்தது. கலைந்த கம்பெனிக்காரர்கள் அவரவர் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். கொண்டையராஜு ஏறவில்லை. கூட இருந்த டி.எஸ். சுப்பையா போன்ற இளைஞர்களை வைத்துக்கொண்டு தேவி ஆர்ட் ஸ்டுடியோவை ஆரம்பித்தார். போட்டோ எடுத்தார்கள், படம் எழுதினார்கள். தங்குவதற்கு ஏன் கோவில்பட்டியைத் தேர்ந்தார் என்று யோசித்தால் பக்தியைவிட வியாபாரம்தான் சரியான விடை தருகிறது. பக்கத்தில் சிவகாசி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். மழை பொய்த்த காய்ந்த காற்று நம் மானாவாரிச் சம்சாரிக்குச் சாபம், தீக்குச்சிக்கும் அச்சுக் காகிதத்துக்கும் வரம். லேபிள் அடித்துப் பழகிய அச்சகங்களுக்குப் பெரிய படம் எழுதித் தர ஆள் தேவைப்பட்டது. பக்கத்திலேயே கோவில்பட்டியில் அந்த ஆள் தயாராக உட்கார்ந்திருந்தார்.

அதே 1942, ஆகஸ்ட் 11. பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்றப் போன மாணவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் ஏழு பேர் செத்தார்கள். அந்த ஏழு பேருக்கான வெண்கல நினைவுச்சின்னத்தைச் செய்து தந்தவர் ராய் சௌத்ரி. ஒருவன்பின் ஒருவனாகச் சரிகிறார்கள், கொடி மட்டும் விழவில்லை. சுதந்திர நாளன்று அடிக்கல் வைத்தார்கள். வார்ப்பு இத்தாலியில் நடந்தது. திறக்க 1956 ஆயிற்று. ஒரு சிலைக்கு ஒன்பது வருஷம்! கோவில்பட்டியில் அந்த ஒன்பது வருஷத்துக்குள் எத்தனை லட்சுமி, எத்தனை முருகன் அச்சேறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேலை முறையிலேயே இரண்டு உலகங்கள் இருக்கின்றன. சிற்பி முதலில் இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு கட்ட வேண்டும். மேலே களிமண் அப்பி உருவம் எடுக்க வேண்டும். அதன்மேல் பிளாஸ்டர் அச்சு, அச்சிலிருந்து பிளாஸ்டர் உரு, அதிலிருந்து வெண்கலம். ஒவ்வொரு கட்டத்திலும் பணம், ஒவ்வொரு கட்டத்திலும் கமிட்டி. யார் பணம் தருகிறார்களோ அவர்கள் சர்க்கார் அல்லது சர்க்காருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்.

படக்காரர் பலகையில் காகிதத்தை ஒட்டி வண்ணத்தில் ஒரே ஒரு மூலம் எழுதுவார். லித்தோ காலத்தில் அதை அச்சுக்குக் கொண்டுபோவது தனிக் கலை. அச்சக ஆர்ட்டிஸ்ட் மூலத்தைப் பார்த்து மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் புள்ளி வைத்துப் பிரித்தெடுப்பார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தாள் ஒருமுறை மிஷினுக்குள் போய் வர வேண்டும். மயிரிழை விலகினாலும் அம்மனுக்கு நாலு கண் ஆகிவிடும். எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு மூலம் லட்சக்கணக்கில் பெருகும். மேலும் கீழும் தகரப் பட்டை அடித்து, அடியில் ஜவுளிக்கடைப் பேரோ காபித்தூள் கம்பெனிப் பேரோ போட்டு, தை மாதத்துக்கு முன்னால் ஊர் ஊருக்குப் போய்விடும். வருஷம் முடிந்தால் தேதித் தாள் தீரும், சாமி தீராது. படத்தை மட்டும் வெட்டி, சட்டம் போடுகிற கடையில் கொடுத்து, கண்ணாடி மாட்டிப் பூஜைக்கு வைத்துவிடுவார்கள். கடைக்காரன் விளம்பரத்துக்குக் கொடுத்தது தெய்வமாகி நிற்கும். ஒரு விளம்பரத் தாளுக்குச் சாம்பிராணி காட்டும் கௌரவம் வேறெந்த ஊரில் கிடைத்ததோ எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ராய் சௌத்ரியின் பேர்பெற்ற வேலைகளில் ஒன்று, 1936 திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தைக் காட்டும் வெண்கலப் புடைப்புச் சிற்பம். பூட்டியிருந்த கோயில் வாசல் திறந்த சம்பவத்தை உலோகத்தில் பதித்தார். அதுவரை உள்ளே விடப்படாதவர்களை வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப்போனது 1939-ல். சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947-ல். கழுகுமலையிலும் சிவகாசியிலும் கோயில் உரிமைக்காகவும் தேர் ஓடும் தெருவுக்காகவும் போன நூற்றாண்டுத் திருப்பத்தில் ரத்தம் சிந்தியதை நம் பகுதி இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட பூமியில், மூலஸ்தானத்துக்கு எட்டிப் போக முடியாமல் தேர்முட்டியில் நின்று கும்பிட்டவன் வீட்டுக்குள், மளிகைக்கடைக்காரன் கொடுத்த தாளில் சாமி நேரே வந்து உட்கார்ந்தது. அர்ச்சகர் குறுக்கே இல்லை, தீட்டு இல்லை, நேரம் காலம் இல்லை. முகத்துக்கு முகம் பார்க்கலாம். கொண்டையராஜு இதை ஒரு கொள்கையாக வைத்துச் செய்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவர் சாமியாராக இருந்து பழகியவர். சாமி எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று எழுதினார், அவ்வளவுதான். ஆனாலும் ஆலயப் பிரவேசத்தைச் சிலையாக வடித்தவர் ஒருவர் என்றால், சத்தமில்லாமல் அதை நடத்திக்கொண்டிருந்தவர் இன்னொருவர்.

இனி மெரினா. ராய் சௌத்ரி சென்னைக்கு வந்த காலத்தில் அந்த நகரத்தின் சிலைகள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிலைகள். குதிரைமேல் மன்றோ. மவுண்ட் ரோட்டில் நீல், 1857-ல் கொன்று குவித்த படைத்தலைவன். அந்த நீல் சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. நம் தென்மாவட்டங்களிலிருந்தும் தொண்டர்கள் போய்ச் சிறைப்பட்டார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் சிலை அகன்றது. ஒரு சிலையை இறக்கப் பத்து வருஷம் மல்லுக்கட்டிய ஊரில், அடுத்து எதை ஏற்றுவது என்ற கேள்விக்கு 1959-ல் ராய் சௌத்ரி பதில் சொன்னார். குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், வாலாஜா சாலை கடற்கரையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், பேர் இல்லாத நாலு கூலியாட்கள் வெண்கலத்தில் எழுந்தார்கள். அதே வருஷம் அவருடைய காந்தியும் கடற்கரைக்கு வந்தார், கோலூன்றி நடக்கிற கோலத்தில்.

உழைப்பாளர் சிலையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். நாலு பேரும் ஒரே பாறைமேல் பலத்தைக் காட்டுகிறார்கள். யாருக்கும் முகம் நமக்கு நேரே இல்லை. கண் நம்மைப் பார்க்கவில்லை, பாறையைப் பார்க்கிறது. விலா எலும்பு ஒவ்வொன்றையும் எண்ணலாம். கெண்டைக்கால் இறுகியிருக்கிறது. இடுப்பில் கிடப்பது கந்தைத் துணி. ஓவியப் பள்ளியின் இரவுக் காவலாளியும் ஒரு மாணவரும் மாடலாக நின்றார்கள் என்பார்கள். முக்கியமான விஷயம், பாறை இன்னும் நகரவில்லை. ஜெயித்த காட்சி இல்லை, நெம்புகிற காட்சி. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய கடற்கரை அதே கடற்கரை என்பதையும் சேர்த்துக்கொண்டால் சிலைக்கு அர்த்தம் கூடுகிறது.

கரிசல்காட்டிலிருந்து போன ஆள் அதைப் பார்த்தால் வியாக்கியானம் எதுவும் கேட்க மாட்டார். கரிசல் மண்ணுக்கு அடியில் சுக்கான், அதற்கும் அடியில் பாறை. கிணறு வெட்டப் போனவனுக்கு வாழ்நாளில் பாதி அந்தப் பாறையோடுதான். கடப்பாரையும் தோளும் கெட்ட வார்த்தையும் சேர்ந்து நெம்பிய கல் அது. "கெணறு வெட்டுறாக" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் வாங்கப் போய்விடுவார். நம்முடைய உடம்பு, நம்முடைய வேலை, ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கடலோரத்தில் நிற்கிறது.

வேடிக்கை இங்கேதான். ரங்பூரில் செல்வத்தில் பிறந்தவர் கூலியாளின் உடம்பைப் பொது இடத்தில் ஏற்றினார். கரிசலுக்கு நடுவிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த மயிலாப்பூர்க்காரர் கரிசலை எழுதவில்லை. அச்சில் வந்த கொண்டையராஜு படங்களில் நான் பார்த்தவரை பருத்திக்காடு இல்லை, உடைமரம் இல்லை, கமலை இல்லை, வெடித்த கரிசல் தரை இல்லை. அவருடைய கஜலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு யானைகள் குடம் கவிழ்க்கின்றன. நடுவில் தாமரையில் தாயார். பின்னால் நீர், நீருக்குப் பின்னால் மலை, எல்லாம் நாடகத் திரையின் மலை, நாடகத் திரையின் நீர். சேலையின் ஜரிகைக் கரை காஞ்சிபுரத்து நெசவாளி எண்ணிப் பார்த்துச் சரி சொல்லும்படி இருக்கும். கழுத்து நகையில் கல் பதித்த இடமெல்லாம் ஒளிப்புள்ளி. முகத்தில் மட்டும் சாந்தம், நாடகம் கிடையாது. குடிதண்ணீருக்குக் குடம் தூக்கி அலைகிற ஊரில், யானை தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும் படத்தைச் சனங்கள் ஏன் கண்ணாடி போட்டு வைத்தார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதைக் குறையாகச் சொல்கிறேனா என்றால், பாதி ஆம். மெக்சிகோவில் தியேகோ ரிவேராவுக்கு அரசாங்கமே சுவர்களைத் திறந்துவிட்டது. அவர் மக்காச்சோளக் குடியானவனை அரண்மனைச் சுவரில் ஏற்றினார். சிவகாசி அச்சகம் கொண்டையராஜுவுக்கு அப்படி ஒரு சுவரைத் தரவில்லை. ஜவுளிக்கடைக்காரர் தை மாதத்துக்கு லட்சுமி கேட்டார், லட்சுமி கொடுத்தார். கேட்டதைக் கொடுக்கிறவனுக்குக் கேளாததைக் காட்டும் தைரியம் வருவது கஷ்டம். அந்த இடத்தில் ராய் சௌத்ரி ஒரு படி மேலே நிற்கிறார். வங்காளப் பஞ்சத்தில் சுருண்ட உடல்களையும் குளிரில் ஒடுங்கிய கிழவரையும் செய்து பார்த்த கை அது.

ஆனால் மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். உழைப்பாளர் சிலையில் இருக்கும் நாலு பேரும் ஆண்கள். கரிசலில் பருத்தி எடுத்தது யார்? களை வெட்டியது யார்? தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியது, வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியது யார்? அந்தப் பெண்களுக்கு வெண்கலத்தில் இடமில்லை. அவர்கள் விடிகாலையில் விளக்கேற்றி முகம் பார்த்த படம் கோவில்பட்டியில் எழுதப்பட்டது. ஆண் உழைப்பை உலகத்துக்குக் காட்டிய சிலை ஒன்று. பெண்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட படம் ஒன்று. விமர்சகர்கள் முன்னதைப் பற்றித்தான் எழுதினார்கள். பின்னதை எழுத்தில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற கனடா ஆய்வாளர். மதுரைப் பக்கத்து வேளார்களைப் பற்றி, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை செய்துவைக்கும் குயவர்களைப் பற்றி ஆராய்ந்தவரும் அவரேதான். ஊர் எல்லையில் மண்குதிரையும் வீட்டுச் சுவரில் தாள் லட்சுமியும் ஒரே கேள்வியின் இரண்டு விடைகள் என்று வெளியூர்க்காரர் கண்டுபிடிக்கும்வரை நாம் பொறுத்திருந்தோம்.

மாணவர்கள் விஷயத்திலும் இருவருக்கும் நல்ல வித்தியாசம் இருக்கிறது. ராய் சௌத்ரியிடம் படித்தவர்கள் பட்டியல் பெரிது: கே.சி.எஸ். பணிக்கர், தனபால், பரிதோஷ் சென். அவர்களில் பலர் குருவின் வழியை விட்டு விலகித்தான் பேர் வாங்கினார்கள். பணிக்கர் 1957-ல் அதே நாற்காலியில் அமர்ந்தார். 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. குருவின் திமிறும் தசைகள் அங்கே எங்கும் இல்லை. கோவில்பட்டியில் கலகம் நடக்கவில்லை. சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், மீனாட்சிசுந்தரம், சீனிவாசன் என்று சீடர்கள் குருவின் கையையே தங்கள் கையாக்கிக்கொண்டார்கள். அதிலும் ஒரு மரியாதை நடந்தது. பழைய படங்களின் கீழ் மூலையைப் பாருங்கள். கொண்டையராஜு பேரோடு சீடர் பேரும் ஒட்டியிருக்கும். வண்ணம் போட்டவனுக்கும் கையெழுத்தில் பங்கு. வெண்கலச் சிலையில் பிளாஸ்டர் கலந்தவன் பேரை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கூலியாளைப் போற்றும் சிலைக்குக் கைவேலை செய்த கூலியாட்கள் யார்? தெரியாது.

பேர் என்றதும் இன்னொன்று. மெரினாவுக்கு வருகிற லட்சம் பேரில் உழைப்பாளர் சிலையைத் தெரியாதவர் இருக்க மாட்டார். செய்தவர் பேர் கேட்டால் முழிப்பார்கள். பஸ் ஸ்டாப்பாக, சினிமா ஷாட்டாக, மே தின மாலைக்கு இடமாக அது ஊரோடு கலந்துவிட்டது. பத்மபூஷண், லலித் கலா அகாதெமியின் முதல் தலைவர் என்று கிடைக்க வேண்டிய பதவிகள் எல்லாம் ராய் சௌத்ரிக்குக் கிடைத்தன. சனங்கள் நாக்கில் பேர் மட்டும் ஏறவில்லை. கொண்டையராஜுவுக்குப் பட்டம் பதவி ஒன்றும் வரவில்லை. ஆனால் அறுபது எழுபது வயதுக்காரர் யாரிடமாவது அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்கள், "காலண்டர்லே போட்டிருக்குமே" என்பார். படிக்கத் தெரிந்த பிள்ளை எழுத்துக்கூட்டிப் பழகிய முதல் பேர்களில் அதுவும் ஒன்று.

நம் வட்டாரத்துக்கே வந்தால், பொது இடத்துக் கலைக்கு இங்கே பஞ்சமே கிடையாது. கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலையை மேலிருந்து குடைந்து வெட்டுவான் கோயிலைப் பாதியில் விட்டுப் போனார்கள், பேர் வைக்கவில்லை. எட்டயபுரத்தில் கல்கி ஊர் ஊராகக் காசு திரட்டிப் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பினார். 1947-ல் ராஜாஜி திறந்தார். கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பூமியை வாங்கிச் சிவாஜி கணேசன் சிலை வைத்தார். 2022-ல் கோவில்பட்டியில் கி.ரா.வுக்கும் மணிமண்டபமும் சிலையும் வந்துவிட்டன. எல்லாம் வேண்டியவைதான். ஆனாலும் இவற்றில் பெரும்பாலானவை ஆளுக்கான சின்னங்கள். பேர் தெரிந்த ஆளை நாம் கல்லாக்கிவிடுகிறோம், பிறகு அவர் பிறந்த நாளுக்கு மட்டும் ஏணி கொண்டுபோகிறோம். ராய் சௌத்ரியின் சிலை இந்தப் பழக்கத்துக்கு வெளியே நிற்பதால்தான் எனக்கு அதன்மேல் மதிப்பு. நாலு பேருக்குப் பேர் கிடையாது, ஆகவே ஜாதி கிடையாது, ஆகவே கூண்டும் கிடையாது. தென்மாவட்டத்தில் சிலைகளைச் சுற்றிக் கம்பிக்கூண்டு போட்டிருப்பதைத் தினம் பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வெண்கலம் நிலைக்கும், தாள் அழியும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்தக் கணக்கும் அவ்வளவு நேர் இல்லை. தண்டி யாத்திரையைக் காட்டும் ராய் சௌத்ரியின் பதினோரு உருவச் சிலை டெல்லியில் அவர் இறந்த பிறகு, 1982-ல் எழுந்தது. டெல்லிக்குப் போய் அதைப் பார்த்த கரிசல்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் அதே சிலை பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் அச்சாகி எல்லோர் மடியிலும் இருந்தது. சிற்பியின் பேர் தெரியாமலேயே நாம் அதை எச்சில் தொட்டு எண்ணினோம். பருத்திக் கடையில் கல்லாவுக்கு மேலே கொண்டையராஜுவின் லட்சுமி, கல்லாவுக்கு உள்ளே ராய் சௌத்ரியின் காந்தி. இரண்டு பேரும் அடுத்தடுத்து இருந்த இடம் அது ஒன்றுதான். 2016 நவம்பர் 8 ராத்திரி அந்த நோட்டு செல்லாமல் போயிற்று. மேலே இருந்த லட்சுமியை யாரும் செல்லாது என்று அறிவிக்கவில்லை.

இருவரில் யார் என்று கேட்டால் என் தீர்ப்பு இது. எதைச் சொல்ல வேண்டும் என்பதில் ராய் சௌத்ரி துணிந்தவர். யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதில் கொண்டையராஜுவுக்குப் பக்கத்தில் வர அவரால் முடியாது. பொதுக் கலை என்ற பேருக்கு இரண்டாவது தகுதிதான் முதலில் வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் என் ஓட்டு கோவில்பட்டிக்கு. ஊர்ப்பாசம் என்று யாராவது சொன்னால் மறுக்கப் போவதில்லை.

வெண்கலச் சிலைகளைப் பார்த்துக்கொள்ளச் சர்க்கார் இருக்கிறது. தாள்களைப் பார்த்துக்கொள்ள நம்மைத் தவிர ஆள் கிடையாது. அச்சகத்துக்குப் போன மூலப் படங்களில் பல சிதறிவிட்டன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடிவந்து வாங்கிப் போகிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய சாமி படங்களை ஆற்றங்கரை அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவது நம் வழக்கம். அடுத்த முறை அப்படி எடுத்துப் போகும் முன்னால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கீழ் மூலையில் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே கோவில்பட்டி நகராட்சிக்கும் ஒரு விண்ணப்பம்: கி.ரா. மணிமண்டபத்தில் ஒரே ஒரு சுவரை இந்தப் படங்களுக்கென்று ஒதுக்குங்கள். ஆணியை நாங்கள் கொண்டுவருகிறோம்.